இடமாகச் சுற்றிய ரத்தம்

அத்தியாயம் 7

செத்துப்போன சுப்பனின் இதயம் வேங்கிக்காலில் ஒரு வாடகை வீட்டு மாடியில், லேப்டாப் திரையில், ஜம்மென்று துடித்துக்கொண்டிருந்தது.

"இந்த நெஞ்சோட ஒருத்தர் செத்தாருன்னா, நானெல்லாம் போன வருஷமே போயிருக்கணும் மேடம்" என்றான் உதவியாளன் தௌஹீத்.

எழிலரசி சிரிக்கவில்லை. ஒன்பதாவது தடவையாக அதே படத்தை ஓடவிட்டாள். துப்பறியும் தொழிலுக்கு வந்து பதினாறு வருஷம். ஓடிப்போன மாப்பிள்ளை, காணாமல் போன பத்திரம், கூசாமல் பொய் சொல்லும் சாட்சி என்று எவ்வளவோ பார்த்தாகிவிட்டது. ஒரு மனுஷனின் நெஞ்சுக்குள்ளேயே புகுந்து தேடுவது இதுதான் முதல் தடவை.

சுப்பன் கீழ்பென்னாத்தூர் விவசாயி. வயது ஐம்பத்தெட்டு. சித்ரா பௌர்ணமி சாயங்காலம் கிரிவலம் கிளம்பியவர், வாயு லிங்கம் தாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால்தான் சுடர் இதய ஆய்வு மையம் அடி அண்ணாமலையில் முகாம் போட்டு, 'இதய ரத்த ஓட்டம் மிக நன்று' என்று அவருக்கு ரிப்போர்ட் கொடுத்திருந்தது. பிரேதப் பரிசோதனையோ வேறு கதை சொன்னது. இதயம் ஊதிப் பெருத்து, சுவரெல்லாம் தொளதொளத்துப் போயிருந்ததாம். பன்னிரண்டு நாளில் ஒரு நெஞ்சு அப்படி ஆகாது.

மையம் சுலபமாகக் கையைக் கழுவிக்கொண்டது. ஸ்கேன் எடுத்த வினோதினி ஆளை மாற்றிப் பதிவு செய்துவிட்டாள் என்று ஒரே பக்கத்தில் கடிதம் எழுதி, அவளை சஸ்பெண்ட் செய்தது. சுப்பனின் மகள் அன்புச்செல்விக்கும் அங்கேதான் வேலை, டோக்கன் கவுன்ட்டரில். அவள்தான் அழுது வீங்கிய முகத்தோடு எழிலரசியிடம் வந்தாள். "எங்கப்பாவக் கொன்னது அந்த வினோதினிதாங்க. நாளைக்குக் காலையில கலெக்டர் ஆபீசுல விசாரணை. அதுக்குள்ள நிரூபிச்சுக் குடுங்க" என்றாள்.

நிரூபித்தால் வினோதினிக்கு வேலை மட்டும் போகாது, போலீஸ் வழக்கும் வரும். அந்த வினோதினிதான் இப்போது எதிரே, தன் வீட்டுச் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். முப்பது வயசு இருக்கும். நாலு நாளாகத் தூங்காத கண்கள்.

"இந்த மிஷின்ல அப்படி என்னங்க விசேஷம்?" என்று கேட்டாள் எழிலரசி.

"சாதாரண எக்கோ நொடிக்கு அம்பது படம் எடுக்கும். ரத்தம் ஓடுறது கலங்கலாத்தான் தெரியும். இது நாலாயிரம் எடுக்கும். அதை மெதுவா ஓடவிட்டா, ரத்தம் உள்ள வந்து, சுழிச்சு, திரும்பி வெளிய போறது ஒவ்வொரு இழையாத் தெரியும்."

"நாலாயிரமா!" என்றான் தௌஹீத். அவன் பத்து வருஷம் கல்யாண போட்டோகிராபராக இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன். "நான் ஒரு முகூர்த்தத்துக்கு முன்னூறு எடுப்பேன். அதுல பத்துலதான் மாப்ள கண்ணு தொறந்திருப்பாரு."

"மத்தவங்க படம் ஏதாவது இருக்கா?" என்றாள் எழிலரசி.

வினோதினி தயங்கினாள். பிறகு இன்னொரு ஃபோல்டரைத் திறந்தாள். "தினம் காலையில மிஷின் சரியா இருக்கானு ஸ்டாஃப் யாராச்சும் ஒருத்தரைப் படுக்கவெச்சு எடுத்துப் பாப்போம். அந்தப் பதிவெல்லாம் எங்கிட்ட இருக்கும். பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான்."

ஒவ்வொன்றாக ஓடின. சிவப்பும் நீலமுமாக ரத்தம் இடப்பக்கம் ஏறி, உச்சியில் வளைந்து, வலப்பக்கம் இறங்கியது. நாலு பேர், ஐந்து பேர், ஆறு பேர். எல்லாருக்கும் அதே சுழற்சி. எழிலரசி இந்த ஊரில் பிறந்தவள். மலையை வலமாகச் சுற்றுகிற லட்சம் ஜனத்தை மாதாமாதம் பார்த்து வளர்ந்தவள். அந்தச் சுழற்சி அவளுக்குப் பழகிய சுழற்சியாக இருந்தது.

அவள் மறுபடி சுப்பனின் படத்தைப் போட்டாள்.

"தௌஹீத், கிரிவலத்துல ஒரு ஆள் மட்டும் எதிர்ப்பக்கமா நடந்து வந்தா என்ன நினைப்பே?"

"பர்ஸைத் தொலைச்சிட்டாருனு நினைப்பேன் மேடம்."

"இங்க பாரு. ஊரே வலமாச் சுத்துது. சுப்பன் மட்டும் இடமாச் சுத்துறாரு."

வினோதினியின் கண் ஒரு கணம் தரைக்குப் போய் மீண்டது. எழிலரசி அதைப் பார்த்துவிட்டாள்.

"செயற்கை வால்வு வெச்சவங்களுக்குச் சில சமயம் மாறிச் சுத்தும்" என்றாள் வினோதினி, மெதுவாக.

"சுப்பனுக்கு ஆபரேஷன் நடந்ததே இல்ல. அதோட, வால்வு இருந்தா படத்துல தெரியாதா?"

"...பளிச்சுனு தெரியும்."

"இதுல இல்லையே."

"இல்ல."

தௌஹீத் திரைக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுபோனான். "மேடம், மத்த படத்துல எல்லாம் மேல வலது மூலையில ஒரு பச்சைப் புள்ளி இருக்கு. இதுல அந்த மூலையையே காணோம். ஓரத்தை யாரோ ஒட்ட வெட்டியிருக்காங்க."

"அது எந்தப் பக்கம்னு காட்டுற அடையாளம்" என்றாள் வினோதினி. குரல் இன்னும் இறங்கியிருந்தது.

"அப்படியா சேதி!" தௌஹீத் கையைத் தட்டினான். "கல்யாண ஆல்பத்துல பொண்ணு அந்தப் பக்கம் பாத்துட்டிருந்தா, படத்தை இடவலமாப் புரட்டிப் போட்டுருவோம். யாருக்கும் தெரியாது. ஆனா மூக்குத்தி பக்கம் மாறிடும். மாமியார் மட்டும் கண்டுபிடிச்சு ஸ்டுடியோவுக்கு வந்து கத்துவாங்க. இந்தப் பச்சைப் புள்ளிதான் மூக்குத்தி. அதான் வெட்டிட்டான். ரத்தம் சுத்துறதை மறந்துட்டான்."

அவன் சுப்பனின் படத்தைத் தன் மென்பொருளில் ஏற்றிப் புரட்டினான். ரத்தம் சமர்த்தாக வலமாகச் சுற்ற ஆரம்பித்தது. காலைச் சோதனைப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்து ஓட்டினார்கள். பதினேழாவது பதிவில் எழிலரசி அவன் தோளைத் தொட்டாள்.

நாலாவது துடிப்பு. நடக்கிறவர் கால் லேசாகத் தடுக்குகிற மாதிரி, அந்தத் துடிப்பு கொஞ்சம் முந்திக்கொண்டு வந்து, பிறகு சமாளித்துக்கொண்டது. சுப்பனின் படத்திலும் நாலாவது துடிப்பு, அதே இடத்தில், அதே தடுக்கல்.

"பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல, நிறையப் பேருக்கு வரும்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு வினோதினி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கு ஒரே நொடியில வராது" என்றாள் எழிலரசி. "ரெண்டும் ஒரே நெஞ்சு. ஒரே படம்னு தெரியக்கூடாதுனு ஒண்ணைப் புரட்டியிருக்காங்க. பதிவான தேதி முகாம் நடந்த அன்னைக்கு. மதியம் ரெண்டு நாப்பது. காலைச் சோதனையை மதியம் ரெண்டு நாப்பதுக்கு யாருங்க எடுப்பாங்க? சொல்லுங்க. பதினேழாம் நம்பர் யாரு?"

வினோதினி வந்து லேப்டாப்பை மூடினாள்.

"மிஷின் குடுத்தவங்களுக்கு முன்னூறு பேர் கணக்குக் காட்டணும். ஒன்பது பேர் கம்மி. காட்டலேன்னா மிஷினையே திருப்பி எடுத்துக்குவாங்க, உங்க எல்லாருக்கும் வேலை போயிடும்னு எங்க மையத்து டாக்டர் இளஞ்செழியன் சொன்னாரு. ஸ்டாஃப் ஒன்பது பேரை மறுபடி படுக்கவெச்சு எடுத்தேன். எதை எந்தப் பேர்ல போட்டாரு, எப்படிப் புரட்டுனாரு, அப்ப எனக்குத் தெரியாது. எடுத்தது என் கை. என் தப்பு நாளைக்கு நானே சொல்றேன். ஆனா யாரோட நெஞ்சுனு கேக்காதீங்க. என்னைத் தூக்குல போட்டாலும் சொல்லமாட்டேன்."

"அன்புச்செல்வி உங்களைக் கொலைகாரினு சொல்லுது. தெரியுமில்ல?"

"தெரியும். சொல்லட்டும்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கீழே இறங்கி வந்தபோது வெயில் இன்னும் தணியவில்லை. தௌஹீத் பைக்கை உதைத்தான்.

"எனக்கு ஒண்ணு புரியல மேடம். தப்பு பண்ணவன் வாயத் தொறந்தா மத்தவன் பேரைத்தான் சொல்லுவான். இந்தம்மா சொந்தக் கழுத்தை நீட்டிட்டு இன்னொருத்தரை மறைக்குது. லவ் கேஸா?"

"இல்ல. அது பரிதாபம். அந்தக் கண்ணை நான் சாவு வீட்டுல பாத்திருக்கேன். அடி அண்ணாமலைக்கு விடு."

முகாம் நடந்த கல்யாண மண்டபத்துக்கு எதிரே மஸ்தானின் டீக்கடை. தௌஹீத் அவருக்கு சலாம் சொன்னான். சுப்பனின் போட்டோவைக் காட்டியதும் மஸ்தான் பாய் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தார்.

"இவரா! நம்ம கடையிலதான் குந்தினு இருந்தாரு. இவரு போயிட்டாருனு பேப்பர்ல பாத்தப்ப ரெண்டு நாள் மனசே சரியில்ல."

"எத்தனை மணிக்கு வந்தாரு பாய்?"

"மதியத் தொழுகை, லுஹர் முடிச்சுட்டு வந்து ரெண்டரைக்குக் கடையத் தொறந்தேன். மொத டீ அவருக்குத்தான். மூணு மணி வரைக்கும் இங்கதான் இருந்தாரு."

எழிலரசியும் தௌஹீத்தும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு நாப்பதுக்கு மிஷின்ல படுத்திருந்தவரு, ரெண்டு நாப்பதுக்கு டீ குடிச்சிருக்காரு" என்றான் தௌஹீத். "செத்தவருக்கு அலிபி சிக்குனது நம்ம சரித்திரத்துலயே இதான் மொத தடவை மேடம்."

மஸ்தான் உள்ளே போய், பில் குத்தும் கம்பியிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை உருவி வந்தார். டோக்கன் 212. மிஷின் அறைக்குள் கூப்பிடும்போது வாசலில் வாங்கிக்கொள்ள வேண்டிய அட்டை அது. வாங்கப்படவே இல்லை.

"கெளம்பறப்ப இதக் குடுத்துட்டு, வேற யாருக்காச்சும் ஒதவும் பாய்னு சொன்னாரு. ஏங்க, உங்களுக்கு டெஸ்ட் எடுக்க வேணாமானு கேட்டேன். எனக்கு எடுத்தாச்சேனாரு. வெளிய நர்ஸம்மா கையில கால்ல கிளிப்பு மாட்டி ஒரு சீட்டு எடுத்துதாம். அதான் அந்தப் பெரிய மிஷின்னு நெனச்சுக்கினாரு, பாவம்."

சாதாரண ஈசிஜி. அதைத்தான் அந்த மனுஷன் நாலாயிரம் படம் எடுக்கிற மிஷின் என்று நம்பியிருக்கிறார். ஏமாற்ற யாரும் சிரமப்படவே இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை, அவ்வளவுதான்.

"அவரு பொண்ணு கவுன்ட்டர்லதானே வேலை? பாக்கலையா?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். கவுன்ட்டர்ல வாட்ச்மேன்தான் இருந்தான். பொண்ணு எங்கனு இவரு கேட்டிருக்காரு. உள்ள படுத்திருக்குனு அவன் சொல்லவும், ஒடம்பு ஏதோ சரியில்லைனு பயந்து போயி, நடுங்கினே இங்க வந்தாரு. நான்தான் போயி விசாரிச்சேன். ஒண்ணுமில்ல, மிஷின்ல பாக்குறாங்க, ஸ்டாஃபுக்கு எல்லாம் எடுக்குறாங்கனு சொன்னாங்க. அப்பதான் அவருக்கு மூச்சே வந்துது. நம்ம பொண்ணுக்கும் பாத்தாச்சு, எனக்கும் பாத்தாச்சு, அதுக்கு வேலைல தொந்தரவு குடுக்க வேணாம்னு சொல்லிட்டு ஷேர் ஆட்டோவுல ஏறிட்டாரு."

தௌஹீத் மஞ்சள் அட்டையை வாங்கி எழிலரசியிடம் கொடுத்தான்.

எழிலரசி வினோதினிக்கு போன் போட்டாள். "பதினேழு அன்புச்செல்விதானே?"

எதிர்முனையில் அழுகை.

"டாக்டர் பேர் ஏத்தும்போது நான் அங்க இருந்தேங்க. டோக்கன் வாங்கிட்டு உள்ள வராதவங்க லிஸ்டைப் பாத்துதான் ஏத்துனாரு. சுப்பன் பேர் வந்ததும், இது நம்ம ஸ்டாஃப் வீட்டு ஆளு, கேள்வி வராதுனு சிரிச்சாரு. எந்த நெஞ்சை அதுல போட்டாருனு அப்ப எனக்குத் தெரியாது. அவர் செத்தப்புறம் ஃபைலைப் பாத்தேன். நான் கையால எடுத்தது. அந்த நாலாவது துடிப்பை எனக்குத் தெரியாதா? அப்பனைப் பறிகொடுத்துட்டு நிக்கிற பொண்ணுகிட்ட இதை எப்படிங்க போய்ச் சொல்றது?"

"அவரை நிஜமாவே மிஷின்ல பாத்திருந்தா பொழைச்சிருப்பாரா?"

"பெருத்த நெஞ்சுனா ரத்தம் உள்ள சோம்பிப் போயி சுத்துறது பளிச்சுனு தெரிஞ்சிருக்கும். நடக்காதீங்கனு சொல்லியிருப்போம். பொழைச்சிருப்பாரானு கேட்டா தெரியலங்க. பாக்கவே இல்லையே."

கீழ்பென்னாத்தூருக்குப் போகிற வழியெல்லாம் எழிலரசி ஒரு பொய்யைத் தேடிக்கொண்டே போனாள். டாக்டர் பெயரை மட்டும் சொல்லி, நம்பர் பதினேழை விட்டுவிட முடியுமா? முடியாது. புரட்டியது டாக்டர் என்று நிரூபிக்க, அசல் யாருடையது என்று அந்த அசல் ஆளே வந்து சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாளை டாக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வருவார், வினோதினி உள்ளே போவாள்.

அவர்கள் போனபோது சுப்பனின் மனைவி எல்லம்மாள் முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். சுவரில் சுப்பனின் மாலை போட்ட படம். அதற்குப் பக்கத்தில், லாமினேட் செய்து ஆணியில் மாட்டிய அந்த ரிப்போர்ட். 'மிக நன்று.'

அன்புச்செல்வி கலெக்டருக்கு எழுதிய மனுவோடு ஓடி வந்தாள். "மாட்டிக்கிட்டாளா மேடம்?"

"உக்காருங்க. ஒரே ஒரு கேள்வி. முகாம் அன்னைக்கு மதியம் ரெண்டு நாப்பதுக்கு எங்க இருந்தீங்க?"

"கவுன்ட்டர்லதான்."

எழிலரசி மஞ்சள் அட்டையை மேஜைமேல் வைத்தாள். "இது உங்கப்பா டோக்கன். நீங்க கவுன்ட்டர்ல இருந்திருந்தா இந்த நம்பரைக் கூப்பிட்டிருப்பீங்க."

அன்புச்செல்வி அட்டையைத் தொடவில்லை. "அப்பா... அப்பாவை உள்ள எடுத்தாங்களே. எடுத்தாச்சுனு அப்பாவே சொன்னாரே. ரிப்போர்ட்டை நான்தானே பிரின்ட் எடுத்தேன்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"எங்க எல்லாரையும் படுக்கச் சொன்னாங்க. வேலை போயிடும்னாங்க. வராதவங்க பேர்ல போட்டுக்குவோம், யாருக்கும் நஷ்டமில்லனு சொன்னாங்க. எல்லாரும் படுத்தாங்க, நானும் படுத்தேன். யாரோ முன்பின் தெரியாதவங்க பேர்னு..."

அவள் கண் சுவரில் மாட்டியிருந்த ரிப்போர்ட்டுக்குப் போனது.

தௌஹீத் லேப்டாப்பைத் திறந்து இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டான். ஒன்று இடமாக, ஒன்று வலமாக. நாலாவது துடிப்பில் இரண்டும் ஒன்றாகத் தடுக்கின. அவன் எதையும் விளக்கவில்லை. அவளுக்கு விளக்கத் தேவையும் இருக்கவில்லை. அந்தத் தடுக்கலைப் பற்றி அன்றைக்கு அவளே மேஜையில் படுத்துக்கொண்டு வினோதினியிடம் பயந்து கேட்டிருக்கிறாள். ஒண்ணுமில்ல அன்பு, நல்ல நெஞ்சு உனக்கு என்று வினோதினி சிரித்திருக்கிறாள்.

"அப்பா அப்ப எங்க இருந்தாரு?" என்று கேட்டாள், காற்றுப்போன குரலில்.

எழிலரசிக்கு இங்கேயாவது ஒரு பொய் கிடைத்திருக்கலாம். கிடைக்கவில்லை. "எதிர்ல டீக்கடையில. நீங்க உள்ள படுத்திருக்கீங்கனு கேட்டு பயந்துட்டாரு. உங்களுக்கு டெஸ்ட் பாக்குறாங்கனு தெரிஞ்சதும் சந்தோஷமா கெளம்பிட்டாரு."

அன்புச்செல்வி அழவில்லை. அழுதிருந்தால் பார்க்கிறவர்களுக்கு நன்றாக இருந்திருக்கும். மனுவை எடுத்தாள். 'கொலைக்குக் காரணமானவர்' என்ற இடத்தில் வினோதினி என்ற பெயரை அழுத்தி அடித்தாள். மேலே டாக்டர் இளஞ்செழியன் என்று எழுதினாள். பேனா சற்று நின்றது. பிறகு கீழே, தன் பெயரை, ஊர் பெயரோடும் அப்பா பெயரோடும் முழுசாக எழுதினாள்.

"நாளைக்கு நான் வந்து சொல்றேன் மேடம்."

"இன்னாடி எழுதற?" என்றாள் எல்லம்மாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இத்தனை நேரமும் முறத்தோடு உட்கார்ந்து, முகங்களை மட்டும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்ததுலேர்ந்து கேக்கறேன், யாரும் ஒண்ணும் சொல்லல. அவருக்கு மிஷின் வெச்சுப் பாத்தாங்களா இல்லியா? சொவத்துல மாட்டியிருக்குதே, அதுல நல்ல நெஞ்சுனு போட்டிருக்குனு நீதானடி படிச்சுக் காட்டுன."

அன்புச்செல்வி எழுந்து போய் ஆணியிலிருந்து ரிப்போர்ட்டைக் கழற்றினாள்.

"பாக்கலம்மா. அப்பாவைப் பாக்கவே இல்ல. இதுல இருக்கறது அவரு நெஞ்சு இல்ல. என்னோடது."

எல்லம்மாளின் கையிலிருந்த கடலை முறத்தில் விழுந்தது. அவள் புருஷன் படத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மகள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். எந்த நிமிஷமும் அறை விழும், அல்லது ஒப்பாரி எழும் என்று எழிலரசி காத்திருந்தாள்.

எல்லம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, மகளின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள்.

"அப்ப உனக்கு ஒண்ணும் இல்லியே? நல்லாத்தானே இருக்குனு போட்டிருக்குது?"

அன்புச்செல்வி அம்மாவின் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். கிழவி எழிலரசியின் பக்கம் திரும்பி அதையே மறுபடி கேட்டாள். காலையிலிருந்து எல்லாக் கேள்விக்கும் பதில் கண்டுபிடித்தவள், "நல்லா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் வாசலுக்கு வந்துவிட்டாள்.